வசனம் தெரியும், மனசு கேட்கவில்லை: அன்றாடப் போராட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வேளையில் இந்தக் கேள்விகளை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. எல்லோரும் கிளம்பிய பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கேட்பவர்களில் பலர் சிறு வயதிலிருந்தே வேதம் வாசிக்கிறவர்கள், வசனங்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள். அப்படி இருந்தும் வீட்டில் ஒரு கஷ்டம் வரும்போது தெரிந்த வசனமே தங்களைக் குற்றம் சாட்டுவது போல இருக்கிறது என்கிறார்கள். ஒரு வசனத்தை அதைச் சொன்னவர் இருந்த நிலைமையோடு சேர்த்து வாசித்தால் அந்தக் குற்றச்சாட்டு பெரும்பாலும் விலகிவிடும் என்று நான் நம்புகிறேன். கீழே உள்ள பதில்களை அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

கவலைப்படக் கூடாது என்று வேதம் சொல்கிறது. எனக்குக் கவலை நிற்கவே இல்லை. என் விசுவாசம் பொய்யா?

பொய் இல்லை. "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று பிலிப்பியருக்கு எழுதியபோது பவுல் காவலில் கட்டப்பட்டிருந்தார். அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், தன் உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்து வியாதியால் சாகும் நிலைக்குப் போனதை எழுதுகிறார். அவர் பிழைத்ததைப் பற்றிச் சொல்லும்போது, தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வராதபடி தேவன் தன்மேலும் இரங்கினார் என்கிறார். 2 கொரிந்தியர் 11:28-இல், எல்லாச் சபைகளையும் குறித்த கவலை தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்று ஒளிக்காமல் சொல்கிறார். கவலை என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர் எழுதிய அறிவுரை இல்லை இது.

அந்த வசனத்தை நாம் பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம். "கவலைப்படாதே" என்பதோடு நின்றால் அது வெறும் அதட்டல். வசனம் அங்கே நிற்காமல், எல்லாவற்றையும் குறித்து உங்கள் விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்று போகிறது. கவலையை அடக்கு என்று சொல்லாமல், அதைக் கொண்டுபோகும் இடத்தைக் காட்டுகிறது. அடுத்த வசனத்தில் வரும் வாக்குறுதியையும் கவனியுங்கள்: பிரச்சினை தீரும் என்று அங்கே எழுதப்படவில்லை, தேவசமாதானம் உங்கள் இருதயத்தையும் சிந்தையையும் காத்துக்கொள்ளும் என்றுதான் இருக்கிறது.

நடைமுறையில் நான் சொல்வது இது. இரவில் தூக்கம் வராதபோது, மனதில் ஓடுவதை ஒரு தாளில் ஒவ்வொன்றாக எழுதுங்கள். "எல்லாமே பயமாக இருக்கிறது" என்று எழுதாமல், "மருத்துவ அறிக்கை என்ன சொல்லுமோ", "மகன் ஏன் என்னிடம் பேசுவதில்லை" என்று பெயர் வைத்து எழுதுங்கள். அதையே வாய்விட்டு ஜெபமாகச் சொல்லுங்கள். அப்புறம், நாளைக்கு உங்கள் கையால் செய்யக்கூடியது ஏதாவது அதில் இருந்தால் அதற்கு மட்டும் ஒரு குறி போடுங்கள். "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று இயேசு சொன்னபோது, ஒவ்வொரு நாளுக்கும் பாடு உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை.

"தாங்க முடியாததைத் தேவன் தரமாட்டார்" என்கிறார்களே, எனக்குத் தாங்கவே முடியவில்லையே?

அப்படி ஒரு வசனம் வேதத்தில் இல்லை. 1 கொரிந்தியர் 10:13-ஐத்தான் பலரும் அப்படி மாற்றிச் சொல்கிறார்கள். அந்த அதிகாரம் விக்கிரகாராதனை, இச்சை, முறுமுறுப்பு ஆகியவற்றில் விழுவதைப் பற்றியது. பாவத்துக்கு இழுக்கும் சோதனையில் தப்பிக்க ஒரு வழி உண்டு என்பதே அதன் வாக்குறுதி. துன்பத்தின் எடையை அது அளக்கவில்லை. துன்பத்தைப் பற்றி அதே பவுல் அதே சபைக்கு எழுதியதை 2 கொரிந்தியர் 1:8-இல் பாருங்கள். ஆசியாவில் தங்களுக்கு நேர்ந்த உபத்திரவம் தங்கள் பலத்துக்கு மிஞ்சியதாக இருந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்கிறார்.

ஆகவே "என்னால் தாங்க முடியவில்லை" என்று சொல்வதில் அவிசுவாசம் எதுவும் இல்லை. ஓர் அப்போஸ்தலனே அதை எழுதி அனுப்பியிருக்கிறார்.

மனச்சோர்வுக்கு மருத்துவரிடம் போவதும் மாத்திரை எடுப்பதும் அவிசுவாசமா? ஜெபித்தாலே போதும் என்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறான பதில் உயிரையே பறித்திருக்கிறது.

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்ட எலியா, அடுத்த அதிகாரத்திலேயே ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். சாக வேண்டும் என்று கேட்ட ஒரு தீர்க்கதரிசிக்குத் தேவன் என்ன செய்தார்? பிரசங்கம் எதுவும் இல்லை, கடிந்துகொள்ளுதலும் இல்லை. எலியா தூங்குகிறார். தூதன் தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். மறுபடியும் தூங்குகிறார். மறுபடியும் தூதன் வந்து, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொல்லிச் சாப்பிடவைக்கிறான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. சரீரம் ஓய்ந்துபோனால் மனமும் ஓயும் என்பதைப் படைத்தவர் அறிந்திருக்கிறார்.

நோயில் சாகக் கிடந்த எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தார், தேவன் கேட்டார். ஆனாலும் ஏசாயா தீர்க்கதரிசி அவருடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார் (ஏசாயா 38:21). தீமோத்தேயுவின் அடிக்கடி வரும் பலவீனத்துக்குப் பவுல் எழுதியது ஜெபம் மட்டும் இல்லை, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளவும் சொன்னார் (1 தீமோத்தேயு 5:23). அவரோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுக்கிறவரை யாரும் அவிசுவாசி என்று சொல்வதில்லை. மூளையும் சரீரத்தின் உறுப்புதான்.

19-ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிரசங்கித்த சார்லஸ் ஸ்பர்ஜன் பல ஆண்டுகள் மனச்சோர்வால் வாடினார். தன் மாணவர்களிடம் அதைப் பற்றி வெளிப்படையாகவும் பேசினார். ஊழியத்தின் அளவுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லை.

ஜெபத்தை விடாதீர்கள், மருந்தையும் விடாதீர்கள். யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால், மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்றால், இந்தப் பக்கத்தை இங்கேயே விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் இப்போதே சொல்லுங்கள். அவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். எலியாவுக்கும் தனியாக இருந்த நேரத்தில் ஒரு கை வந்து தொட வேண்டியிருந்தது.

என்னைக் கொடுமைப்படுத்தியவரை மன்னிக்க வேண்டும் என்றால், பழையபடி உறவாட வேண்டுமா?

அதிகமாக வருகிற கேள்வி இதுதான். மன்னிப்பதும் மறுபடி நம்புவதும் ஒன்று என்று நினைப்பதால்தான் பலர் மன்னிக்கவே பயப்படுகிறார்கள்.

முதலில் மத்தேயு 18. ஒரு ஊழியக்காரனுக்கு ராஜா பதினாயிரம் தாலந்து கடனை மன்னித்துவிடுகிறார். அவன் வெளியே போய், தனக்கு நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனின் தொண்டையைப் பிடிக்கிறான். ஒரு தாலந்து என்பது சுமார் 6000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. முதல் கடனைக் கோடிக்கணக்கான நாட்கள் உழைத்தாலும் அடைக்க முடியாது. இதை எல்லாப் பிரசங்கங்களிலும் கேட்டிருப்பீர்கள். இரண்டாவது கடனைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. நூறு நாள் கூலி, மூன்று மாதத்துக்கும் மேலான உழைப்பு! அது சின்னத் தொகை இல்லை. உங்களுக்கு நடந்தது ஒன்றுமே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. அது நிஜமான கடன் என்று ஒத்துக்கொண்டுதான், அதைவிடப் பெரிய இரக்கத்தைக் காட்டுகிறார். "பரவாயில்லை, ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்வது மன்னிப்பு ஆகாது. நடந்ததை நடந்ததாகச் சொல்லி, பழிவாங்கும் உரிமையைத் தேவனிடம் விட்டுவிடுவதே மன்னிப்பு.

உறவு என்பது வேறு. தன்னைக் கொல்லத் துரத்திய சவுல் ராஜாவைக் கொல்லத் தாவீதுக்கு இரண்டு முறை சந்தர்ப்பம் கிடைத்தது. இரண்டு முறையும் கைவைக்கவில்லை. இரண்டாம் முறை சவுல், "நான் பாவஞ்செய்தேன், என் குமாரனாகிய தாவீதே, திரும்பிவா" என்று கூப்பிடுகிறார் (1 சாமுவேல் 26:21). தாவீது போனாரா? சவுலின் ஈட்டியை எடுத்துப்போக ஒரு வாலிபனை அனுப்பச் சொல்லிவிட்டு, தன் வழியே போனார். மனதில் பழி இல்லை, ஆனால் அந்த ஈட்டி எட்டும் தூரத்தில் போய் நிற்கவும் இல்லை. சவுல் இப்படி மனம் வருந்திப் பேசியது அதுவே முதல் தடவை இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

யோசேப்பின் கதை இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 20 வெள்ளிக்காசுக்குத் தன்னை விற்ற சகோதரர்கள் முன்னால் வந்து நின்றதும் அவர் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. ஆதியாகமம் 42 முதல் 44 வரை, அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று சோதித்துப் பார்க்கிறார். இடையிடையே தனியாகப் போய் அழவும் செய்கிறார். அன்று யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா, இன்று பென்யமீனுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளும்படி கெஞ்சுகிறான். அதைக் கேட்ட பிறகுதான் யோசேப்பால் அடக்கிக்கொள்ள முடியாமல் தன்னை வெளிப்படுத்துகிறார். மனந்திரும்புதலின் அடையாளம் தெரிந்தது, உறவு திரும்பியது.

மன்னிப்பு உங்கள் பக்கத்திலிருந்து மட்டும் நடக்கலாம். ஒப்புரவுக்கு இரண்டு பேர் தேவை. அதனால்தான் ரோமர் 12:18 "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று ஆரம்பிக்கிறது. ஒரு தடவை மன்னித்த பிறகு மறுபடி கோபம் பொங்கினால், முதலில் மன்னித்தது பொய் என்று எண்ணாதீர்கள். ஆழமான காயத்தைப் பல தடவை, சில நேரம் ஒரே நாளில் பல தடவை, மன்னிக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் அடிக்கிறார். "பொறுத்துக்கொள், அதுதான் சிலுவை" என்று சபையில் சொல்கிறார்கள்.

அப்படிச் சொல்பவர்கள் தவறு செய்கிறார்கள். எபேசியர் 5 மனைவிக்குச் சொல்லியிருப்பதை மட்டும் வாசித்துவிட்டு, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல் கணவன் அன்புகூர வேண்டும் என்ற பகுதியை மூடிவைக்கிறார்கள். மனைவிக்குச் செய்ய வேண்டிய கனத்தைச் செய்யாத கணவனின் ஜெபங்களுக்குத் தடை வரும் என்று 1 பேதுரு 3:7 எச்சரிக்கிறது.

ஏரோது ராஜா குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடியபோது, எழுந்து எகிப்துக்கு ஓடிப்போ என்றுதான் மரியாளின் கணவன் யோசேப்புக்குக் கட்டளை வந்தது. இயேசுவின்மேல் கல்லெறிய எடுத்தபோது அவர் மறைந்து வெளியேறினார் (யோவான் 8:59). வேளை வந்தபோது தாமாக ஏற்ற சிலுவையை, ஒருவர் இன்னொருவர்மேல் சுமத்தும் வன்முறைக்குப் பெயராக வைக்கக் கூடாது. உங்களையும் பிள்ளைகளையும் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். சட்டத்தின் உதவியைக் கேளுங்கள். மன்னிப்பு, ஒப்புரவு எல்லாம் அதன் பிறகு, பத்திரமான தூரத்திலிருந்து யோசிக்க வேண்டியவை.

கோபம் வருவதே பாவமா?

இல்லை. மாற்கு 3:5-இல் இயேசுவே கோபத்தோடு சுற்றிலும் பார்க்கிறார், அதே நேரத்தில் அவர்களுடைய இருதயகடினத்துக்காக விசனப்படுகிறார். நம் கோபத்தில் பெரும்பாலும் அந்த விசனம் இருப்பதில்லை. யாக்கோபு 1:19 சொல்கிறபடி கேட்பதில் வேகமும் பேசுவதில் தாமதமும் இருந்தால் பாதிச் சண்டைகள் தொடங்கவே தொடங்காது. கோபத்தில் எழுதிய செய்தியை அனுப்பாமல் காலைவரை வைத்திருங்கள்.

பாவமன்னிப்பு கிடைத்தது என்று நம்புகிறேன். ஆனால் என்னையே என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்களையே நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று வேதம் எங்கும் கேட்பதில்லை. அந்தத் தீர்ப்பு உங்கள் கையில் கொடுக்கப்படவில்லை. "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" என்கிறது 1 யோவான் 3:20. உங்கள் மனசாட்சிக்கு மேலே இன்னொரு நீதிமன்றம் இருக்கிறது.

பேதுருவைப் பாருங்கள். பிரதான ஆசாரியனின் வீட்டு முற்றத்தில் கரிநெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டு மூன்று தடவை மறுதலித்தார். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அவரைச் சந்தித்தபோதும் அங்கே கரிநெருப்பு இருந்தது, அங்கே மூன்று தடவை "நீ என்னை நேசிக்கிறாயா?" என்று கேட்டார். அந்த இரவைப் பேசாமல் கடந்துபோகவில்லை, மூன்றையும் தொட்டார். பேதுரு மூன்றாம் முறை துக்கப்பட்டார் என்றும் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு அவருக்குக் கிடைத்தது தண்டனை இல்லை, ஆடுகளை மேய்க்கும் பொறுப்பு.

சில நேரங்களில் குற்றவுணர்வு போகாததற்கு வேறு காரணம் இருக்கும்: இன்னும் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. யாரிடமோ பணம் ஏமாற்றியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். யாரைப் பற்றியாவது பொய் சொல்லியிருந்தால், எங்கே சொன்னீர்களோ அங்கே போய்த் திருத்துங்கள். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னவர் இயேசு.

ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். இன்னும் எத்தனை தடவை ஜெபிப்பது?

ஜெபத்தோடு சேர்த்து இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, ஓடுங்கள். எஜமானனான போத்திபாரின் மனைவி பாவத்துக்கு இழுத்தபோது யோசேப்பு வாதாடிக்கொண்டு நிற்கவில்லை, வஸ்திரத்தையே விட்டுவிட்டு ஓடினார். எந்த நேரத்தில், எந்த இடத்தில் விழுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். கைப்பேசிதான் கண்ணி என்றால் இரவில் அது படுக்கையறைக்குள் வர வேண்டாம். மதுதான் என்றால் அதை நீட்டும் நட்பு வேண்டாம். அடிமைத்தனமாகவே மாறியிருந்தால் மருத்துவ உதவியும் தேவைப்படும்.

இரண்டாவது, ஒருவரிடம் சொல்லுங்கள். யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்கிறது. இரகசியம் காக்கத் தெரிந்த, அதிர்ச்சி அடையாத ஒரே ஒருவர் போதும். சபை முழுவதற்கும் தெரிய வேண்டியதில்லை. இருட்டில் வளரும் பாவம் இன்னொருவருக்குத் தெரிந்த அன்றே பாதி பலத்தை இழப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உபவாசித்து ஜெபித்தும் பதில் வரவில்லை. என்னிடம் என்ன குறை?

குறை இருந்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? கெத்செமனேயில் இயேசு மூன்று தடவை ஒரே வேண்டுதலைச் செய்தார், பாத்திரம் நீங்கவில்லை. பவுல், தன் மாம்சத்திலே ஒரு முள் என்று அவர் சொன்ன பாடு நீங்கும்படி மூன்று தடவை கேட்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது, முள் இருந்தது. பிறவிக் குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார் இயேசு.

ஜெபிக்க வார்த்தையே வரவில்லை என்றால் சங்கீதங்களைக் கடன் வாங்குங்கள். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவை புலம்பல்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் கடைசிவரை வெளிச்சமே இல்லாமல் இருளில் முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அப்படி ஜெபிக்கிறவருக்கும் தேவசமுகத்தில் இடம் உண்டு.

மற்றவர்கள் நன்றாக இருப்பதைப் பார்த்தால் மனசு எரிகிறது.

73-ஆம் சங்கீதத்தில் ஆசாப் இதைத்தான் சொல்கிறார். துன்மார்க்கரின் வாழ்வைக் கண்டு பொறாமைகொண்டேன் என்கிறார். தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் போனபோதுதான் பார்வை மாறியது. யோவானுக்கு என்ன நடக்கும் என்று பேதுரு கேட்டபோது, "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்றார் இயேசு. மற்றவர்களின் சந்தோஷப் படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எரிகிறது என்றால், கொஞ்ச நாள் பார்க்காமல் இருங்கள்.

கடனில் மூழ்கியிருக்கிறேன். காணிக்கை கொடுத்தால் கடன் தீரும் என்கிறார்கள். கடன் வாங்கியாவது கொடுக்கலாமா?

வேண்டாம். 2 கொரிந்தியர் 8:12 தெளிவாகச் சொல்கிறது: ஒருவனுக்கு இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும். கஷ்டத்தில் இருப்பவரிடம் பணம் கேட்டு அதற்கு ஆசீர்வாதத்தை விலைபேசுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

2 இராஜாக்கள் 4-இல் வரும் விதவையின் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ளக் கடன்காரன் வந்துவிட்டான். எலிசா அவளிடம் காணிக்கை கேட்கவில்லை, "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அவள் அயலாரிடம் பாத்திரங்கள் கேட்டு வாங்கினாள், எண்ணெய் பெருகியது; அப்புறம் அதை விற்றுக் கடனை அடைத்து, மீதியைக்கொண்டு பிழைக்கச் சொன்னார். அற்புதம் நடந்த கதையிலும் கணக்குப் பார்ப்பதும், விற்பதும், அடைப்பதும் இருக்கின்றன. அவள் தன் நிலையை வாய்திறந்து சொன்னாள் என்பதும் முக்கியம். கடனை மறைக்கும் வெட்கம், கடனைவிட வேகமாக வட்டி ஏறும். வீட்டாரிடம் முழுத் தொகையையும் சொல்லுங்கள்.

வேலையிடத்தில் அநியாயம் நடக்கிறது. கிறிஸ்தவன் தன் உரிமையைக் கேட்கலாமா?

கேட்கலாம். பிலிப்பியில் பவுலையும் சீலாவையும் விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் சத்தமில்லாமல் போகச் சொன்னபோது, நாங்கள் ரோமர், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்றார் பவுல் (அப்போஸ்தலர் 16:37). அதிகாரிகள் வந்து வேண்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. இதே பவுல் கொரிந்துவில் தன் உரிமையை விட்டும் கொடுத்தார். எங்கே கேட்பது, எங்கே விடுவது என்பது, அதனால் மற்றவர்களுக்கு நன்மையா கெடுதலா என்பதைப் பொறுத்தது.

சந்தேகம் வருகிறது. தேவன் இருக்கிறாரா என்றே சில நாள் தோன்றுகிறது.

"விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரு தகப்பன் கண்ணீரோடு சொன்னபோது, இயேசு அவன் பிள்ளையைக் குணமாக்கினார். யோவான் ஸ்நானகன் சிறையிலிருந்து, வருகிறவர் நீர்தானா என்று கேட்டு அனுப்பினார். அதற்குப் பிறகும் இயேசு அவரைப் புகழ்ந்தே பேசினார். உங்கள் கேள்வியை மறைக்காமல் அவரிடமே கேளுங்கள்.

எரேமியா 29:11 எனக்குக் கிடைத்த வாக்குத்தத்தம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

உங்களைக்குறித்த என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கானவை என்று கர்த்தர் சொல்லும் வசனம் அது. எடுத்துக்கொள்ளலாம், ஆனால் 5-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளை நம்ப வேண்டாம், 70 வருஷம் ஆகும், அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது. நீண்ட காத்திருப்பில் இருப்பவருக்கு முழு அதிகாரமும் சேர்ந்து தரும் பலத்தை ஒற்றை வசனம் தராது.

நண்பரின் வீட்டில் மரணம். எந்த வசனத்தை அனுப்பலாம்?

முடிந்தால் வசனத்தை அனுப்பாமல் நீங்கள் போங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் இருந்தது. வாய் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்ததும் கெட்டது, கடைசியில் தேவனே அவர்கள்மேல் கோபப்பட்டார். இறந்துபோன லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். "அழாதே, பரலோகத்தில் சந்தோஷமாக இருக்கிறார்" என்று அவசரப்படுத்தாதீர்கள். மருத்துவச் சீட்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வங்கிக் காகிதங்கள் என்று செய்ய வேண்டியது நிறைய இருக்கும். ஒன்றை எடுத்துச் செய்யுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் போங்கள், போனவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவராக ஜெபிக்கச் சொன்னால் 13-ஆம் சங்கீதத்தை வாசிக்கலாம். மொத்தம் ஆறே வசனங்கள்தான்.